டாலர்-ரூபாயில் கவுண்டர் ட்ரெண்ட் ஸ்கால்ப்பிங்: பேண்டா, வீவாப்பா, பொய் பிரேக்அவுட்டா?

விலை வேகமாக ஏறினால் விற்பது, வேகமாக இறங்கினால் வாங்குவது, நாலைந்து பைசா கிடைத்ததும் வெளியே வந்துவிடுவது. மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று வடசென்னை முழுக்க கரன்சி பார்க்கிறவர்கள் இதைத்தான் கவுண்டர் ட்ரெண்ட் ஸ்கால்ப்பிங் என்கிறார்கள். எதிர்த்து எடுப்பது என்று முடிவு செய்தபின் வரும் கேள்விதான் பலரை நிறுத்திவைக்கிறது. சராசரி விலைக்கு மேலும் கீழும் வரையும் பாலிஞ்சர் பேண்டை நம்புவதா, வர்த்தக அளவோடு எடைபோட்ட அன்றைய சராசரி விலையான வீவாப் கோட்டை நம்புவதா, நேற்றைய உச்சமும் தாழ்வும் உடைவதுபோல் காட்டி உடையாமல் திரும்பும் இடத்தை நம்புவதா?

மூன்றுக்கும் தெளிவான விதி எழுதலாம், மூன்றையும் சோதிக்கலாம். ஆனால் எந்த இண்டிகேட்டர் என்பதைவிட எத்தனை லாட் (ஒரு லாட் 1,000 டாலர்), ஒரு வர்த்தகத்துக்கு எத்தனை பைசா செலவு என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே விதி பத்து லாட்டில் ஓடலாம், ஒரு லாட்டில் ஓடவே முடியாது. கீழே உள்ள கணக்கைப் பார்த்தால் இது புரியும்.

## கணக்குக்கு முன் சட்டம்

இதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். இந்தியாவில் வசிப்பவர் கரன்சி வர்த்தகம் செய்ய இரண்டே வாசல்கள்: ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற வங்கி அல்லது தளம், இல்லையென்றால் என்எஸ்இ போன்ற அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தை. யூரோ-டாலருக்கு நூறு மடங்கு, ஐநூறு மடங்கு லிவரேஜ் (கைப்பணத்தைவிட அத்தனை மடங்கு பெரிதாக வர்த்தகம் செய்யும் வசதி) தருவதாகச் சொல்லும் வெளிநாட்டு ஆப்களில் பணம் போடுவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி விதிமீறல். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டது. அதன் பிறகு பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. அதில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. அபராதம், சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம்.

அபராதத்தைவிடச் சீக்கிரம் வந்து தாக்குவது வேறொன்று. அந்த ஆப்களில் பணம் போடுவதும் எடுப்பதும் பெரும்பாலும் யாரோ ஒரு தனியாளின் யுபிஐ கணக்கு வழியாகவோ கிரிப்டோ வழியாகவோ நடக்கிறது. உங்களுக்கு வரும் பணம் வேறொரு மோசடியிலிருந்து வந்ததாக இருந்தால், சைபர் கிரைம் புகாரின் பேரில் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும். கடை வரவு செலவும் அதே கணக்கில் ஓடினால் வியாபாரமே நின்றுபோகும்.

பங்குச் சந்தை வாசலிலும் ஒரு நிபந்தனை உண்டு. ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 5-ல் வெளியிட்ட உத்தரவு, அதே ஆண்டு மே 3 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து கோடி டாலர் வரை ஆவணம் காட்டத் தேவையில்லை. ஆனால் ரூபாய் ஜோடிகளில் பொசிஷன் (வாங்கியோ விற்றோ இன்னும் முடிக்காத வர்த்தகம்) எடுப்பவருக்கு உண்மையான அந்நியச் செலாவணிப் பொறுப்போ வரவோ இருந்தே ஆக வேண்டும். சீனாவிலிருந்து ஹார்டுவேர் இறக்கும் மண்ணடி வியாபாரிக்கு அது இருக்கிறது. நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனம் இறக்குமதி செய்பவருக்கு இருக்கிறது. காசிமேட்டிலிருந்து இறால் ஏற்றுமதி செய்பவருக்கு இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கி மொபைலில் சார்ட் பார்க்கும் தம்பிக்கு இல்லை. அவர் பொய் உறுதிமொழி கொடுத்து உள்ளே போகக் கூடாது.

ஆகவே கீழே வரும் ஒப்பீடு இரண்டு பேருக்கு. பொறுப்பு இருந்து ஹெட்ஜ் (விலை மாற்றத்திலிருந்து பாதுகாப்பு) எடுக்கிற வியாபாரி ஒருவர். காகிதத்தில் மட்டும் பழகி, விதி எழுதவும் சோதிக்கவும் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இன்னொருவர். நாளைக்கு அனுமதியுள்ள வேறொரு சந்தையில் அவருக்கு அது உதவும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், செலவு போக நிற்கிறதா என்பது. டார்கெட்டையும் (லாபத்தில் வெளியேறும் தூரம்) ஸ்டாப்லாஸையும் (நட்டத்தை நிறுத்தி வெளியேறும் தூரம்) செலவையும் பைசாவில் எழுதி, நட்டமில்லாமல் தப்பிக்க எத்தனை சதவீதம் வெற்றி தேவை என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தோற்கும்போது எப்படித் தோற்கிறது. எதிர்த்து எடுக்கும் எந்த முறையும் அடிக்கடி கொஞ்சம் ஜெயித்து, எப்போதாவது பெரிதாக இழக்கும் இயல்புடையது. அந்தப் பெரிய இழப்புக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறதா?

மூன்றாவது, விதி எழுத்தில் நிற்கிறதா. ஒரே சார்ட்டைப் பார்க்கும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் என்ட்ரி எடுக்க வேண்டும். "பார்த்தால் தெரியும்" என்பது விதியல்ல.

நான்காவது, எவ்வளவு நேரம் திரை முன் உட்கார வேண்டும். கடையில் ஆள் வந்துபோகும் நேரத்தில் ஐந்து நிமிட கேண்டில் (அந்த ஐந்து நிமிட விலை நகர்வைக் காட்டும் கட்டம்) மூடும்வரை காத்திருந்து எடுப்பது எல்லோருக்கும் நடக்காது.

## ஒரு வர்த்தகத்தின் உண்மைச் செலவு

டாலர்-ரூபாய் ஃபியூச்சரில், அதாவது பின்னொரு தேதிக்காகச் சந்தையில் செய்யும் ஒப்பந்தத்தில், ஒரு லாட் 1,000 டாலர். விலை குறைந்தபட்சம் கால் பைசா நகரும், இதுதான் ஒரு டிக், அதன் மதிப்பு ₹2.50. ஒரு பைசா நகர்ந்தால் லாட்டுக்கு ₹10. டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லாட்டின் மொத்த மதிப்பு ₹88,000.

ஆர்டருக்கு ₹20 வாங்கும் புரோக்கரிடம், வாங்கி விற்க ₹40. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, கூடவே சந்தைக் கட்டணம், செபி கட்டணம், முத்திரை வரி. ஒரு லாட் செய்தால் மொத்தம் ஏறக்குறைய ₹48, அதாவது 4.8 பைசா. பத்து லாட்டை ஒரே ஆர்டராகப் போட்டால் மொத்தம் ₹55 முதல் ₹60 வரைதான். லாட்டுக்கு ஆறு ரூபாய்கூட வராது, 0.6 பைசாவுக்குள் அடங்கிவிடும்.

இதோடு ஸ்ப்ரெட்டையும் (வாங்கும், விற்கும் விலைகளின் இடைவெளி) ஸ்லிப்பேஜையும் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) சேருங்கள். 2024-க்குப் பிறகு கரன்சி ஃபியூச்சரில் வர்த்தக அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. நடப்பு மாத காண்ட்ராக்டிலேயே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒன்றிரண்டு டிக் இடைவெளி இருக்கும். அடுத்த மாதத்தில் இன்னும் அதிகம். ஆகவே பத்து லாட்டுக்கு, லாட் ஒன்றுக்கு 1.25 பைசா என்றும், ஒற்றை லாட்டுக்கு 5.25 பைசா என்றும் கணக்கு வைக்கிறோம். உங்கள் புரோக்கரின் காண்ட்ராக்ட் நோட்டை எடுத்து இந்த இரண்டு எண்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் மாறிக்கொண்டிருக்கும்.

தேவையான வெற்றி சதவீதத்துக்கான சூத்திரம் எளிது. ஸ்டாப்லாஸுடன் செலவைக் கூட்டி, அதை டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். செலவில்லாத சந்தையில், எந்தத் திறமையும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஒரு வெற்றி விகிதம் கிடைக்கும். அது ஸ்டாப்லாஸை அதே மொத்தத்தால் வகுத்தால் வருவது. டார்கெட் சிறிது, ஸ்டாப்லாஸ் பெரிது என்றால் குருட்டாம்போக்கிலேயே நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஜெயிக்கலாம். "எழுபது சதவீதம் அக்யூரசி" என்று விளம்பரம் செய்பவரிடம் டார்கெட் எவ்வளவு, ஸ்டாப்லாஸ் எவ்வளவு என்று கேட்க வேண்டியது இதனால்தான். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் விதி உண்மையில் சம்பாதித்துத் தர வேண்டிய திறன்.

## மூன்றுக்கும் பொதுவான வடிகட்டி

ஐந்து நிமிட கேண்டில். 15 நிமிட சார்ட்டில் ஏடிஎக்ஸ் 14 (ட்ரெண்ட் எவ்வளவு வலுவானது என்று 14 கேண்டிலை வைத்துக் காட்டும் எண்) அளவு 20-க்குக் கீழே இருந்தால் மட்டும் எதிர்த்து எடுக்கலாம், 25-ஐத் தாண்டினால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். சந்தை காலை 9 மணிக்குத் திறக்கிறது, முதல் 45 நிமிடம் வேடிக்கை மட்டும். 11:30 முதல் 12:30 வரை ரெஃபரன்ஸ் ரேட், அதாவது அன்றைய டாலர் மேற்கோள் விலை, கணக்கிடப்படும் நேரம். அப்போது வங்கிகள் பெரிய ஆர்டர்களை அந்த விலைக்காகவே நிறைவேற்றுவதால் விலை ஒருபக்கமாகத் தள்ளப்படலாம், புதிய என்ட்ரி வேண்டாம். வங்கிகளுக்கு இடையிலான சந்தை மாலை 3:30-க்கு மூடிவிடும். ஃபியூச்சர் 5 மணி வரை ஓடினாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆழம் இருக்காது. பணக் கொள்கை அறிவிப்பு நாளில் காலை 10 மணிக்கு முடிவு வரும், அந்த நாள் முழுக்க விடுமுறை. எக்ஸ்பைரி (காண்ட்ராக்ட் முடியும் நேரம்), மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு, பகல் 12:30-க்கு. அதற்கு முந்தைய நாளே அடுத்த மாதத்துக்கு மாறிவிட வேண்டும்.

## முறை 1: பாலிஞ்சர் பேண்டும் ஆர்எஸ்ஐயும்

விதி. நடுக்கோடு 20 கேண்டிலின் சராசரி, அதிலிருந்து இருபக்கமும் 2 திட்டவிலக்கம் (விலைச் சிதறலின் அளவு) தள்ளி பேண்ட். ஒரு கேண்டில் பேண்டுக்கு வெளியே மூட வேண்டும், அப்போது ஆர்எஸ்ஐ 14 (ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண்) அளவு 30-க்குக் கீழே அல்லது 70-க்கு மேலே இருக்க வேண்டும். அடுத்த கேண்டில் பேண்டுக்குள் மூடினால் அந்த மூடும் விலையில் என்ட்ரி. டார்கெட் நடுக்கோடு. ஸ்டாப்லாஸ் முந்தைய முனையிலிருந்து அரை பைசா தள்ளி. ஆறு கேண்டிலுக்குள் எதுவும் நடக்காவிட்டால் வெளியே.

எண்ணில் சொன்னால்: கீழ்ப்பேண்ட் 88.1200. விலை 88.0800 வரை இறங்கி 88.1100-ல் மூடுகிறது. அடுத்த கேண்டில் 88.1350-ல் மூடுகிறது, அங்கே வாங்குகிறோம். நடுக்கோடு 88.1850, ஸ்டாப்லாஸ் 88.0750. டார்கெட் 5 பைசா, ஸ்டாப்லாஸ் 6 பைசா.

எங்கே நன்றாக ஓடும். பேண்ட் அகலமாகவும் கிடையாகவும் இருக்கும் நாளில். முந்தின நாள் பெரிய நகர்வு முடிந்து இன்றைக்கு ஆறப்போடும் சந்தை இதற்கு உகந்தது.

எங்கே உடைகிறது. டாலர்-ரூபாய் பல நாட்கள் மொத்தமே பத்து பதினைந்து பைசாவுக்குள் அசையும். அந்த நாட்களில் பேண்டின் முழு அகலமே நாலைந்து பைசாதான், நடுக்கோடு இரண்டு பைசா தூரத்தில் இருக்கும். 1.25 பைசா செலவு கொடுத்து இரண்டு பைசாவுக்கு ஆசைப்படுவது தொழில் ஆகாது. ஆகவே நடுக்கோடு வரை உள்ள தூரம் செலவின் நான்கு மடங்காவது இல்லையென்றால் என்ட்ரி கிடையாது என்று எழுதிவையுங்கள். இந்த ஒரு வரி பெரும்பாலான சிக்னலை அழித்துவிடும். அழிந்தவை அழியத்தான் வேண்டும்.

சார்ட்டைப் பின்னோக்கிப் பார்க்கும்போது கண்ணில் படாத இன்னொரு பலவீனம், நடுக்கோடு நிலையானதல்ல என்பது. விலை கீழேயே தங்கினால் ஐந்து பத்து கேண்டிலில் நடுக்கோடு விலையைத் தேடி இறங்கி வந்துவிடும். டார்கெட் தொட்டதாக சிஸ்டம் காட்டும், ஆனால் அந்த இடம் உங்கள் என்ட்ரிக்குக் கீழேகூட இருக்கலாம். ஸ்டாப்லாஸ் மட்டும் அசையாமல் ஆறு பைசாவில் நிற்கும். அதனால்தான் நேர வரம்பு ஆறு கேண்டில். வசதியாக இருக்கிறதே என்று அதைப் பன்னிரண்டாக நீட்டினால் வெற்றி எண்ணிக்கை கூடும், கையில் வரும் பணம் குறையும்.

ட்ரெண்ட் நாளில் விலை பேண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நடக்கும். உள்ளே மூடுவதுபோல் மூடி மறுபடி வெளியே போகும், ஒவ்வொரு முறையும் சிக்னல் தரும். 2025 பிப்ரவரி 3-ல் டாலர் முதல்முறையாக 87 ரூபாயைத் தாண்டியது போன்ற நாட்களில் இந்த முறை திரும்பத் திரும்ப விற்கச் சொல்லும். ஏடிஎக்ஸ் வடிகட்டி பெரும்பகுதியைத் தடுக்கும், முதல் சிக்னலைத் தடுக்காது. ஏடிஎக்ஸ் எப்போதும் பின்தங்கித்தான் வரும்.

## முறை 2: வீவாப்பிலிருந்து விலகல்

விதி. காலை 9 மணியிலிருந்து கணக்கிடும் வீவாப், அதிலிருந்து 2 திட்டவிலக்கக் கோடு. அந்தக் கோட்டில் லிமிட் ஆர்டர், அதாவது குறித்த விலையிலோ அதைவிட நல்ல விலையிலோ மட்டும் நிறைவேறும் ஆர்டர். வீவாப் 88.2500, கோடு 88.1700 என்றால் அங்கே வாங்கி, பாதி வழியில் 88.2100-ல் விற்பது. ஸ்டாப்லாஸ் 88.1200. டார்கெட் 4, ஸ்டாப்லாஸ் 5, லிமிட்டில் நுழைவதால் ஸ்ப்ரெட் கொஞ்சம் மிச்சம், செலவு 1 பைசா.

எங்கே நன்றாக ஓடும். வர்த்தக அளவு கனமாகவும் பரவலாகவும் இருக்கும் சந்தையில். நிஃப்டி ஃபியூச்சரில் இந்த முறைக்குப் பொருள் உண்டு, ஆனால் அங்கே பரிவர்த்தனை வரி வேறு, அதற்குத் தனிக்கணக்கு போட வேண்டும்.

எங்கே உடைகிறது. வீவாப்பின் உயிரே வால்யூம். டாலர்-ரூபாய் ஃபியூச்சரில் இப்போதுள்ள மெலிந்த வால்யூமில், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெரிய ஆர்டர் ஒன்றிரண்டு அந்தக் கோட்டையே இடம்மாற்றிவிடும். காலையில் கோடு இலேசாக ஆடும். மதியத்துக்கு மேல் எண்ணூர் சாலையில் நிரம்பி வரும் கண்டெய்னர் லாரி மாதிரி கனத்துப்போய், விலை எங்கே போனாலும் திரும்பாது. இரண்டு நேரத்துக்கும் ஒரே 2 திட்டவிலக்கம் ஒரே பொருளைத் தராது. உலக ஸ்பாட் (உடனடிக் கைமாற்று) சந்தையின் சார்ட்டில் வீவாப் போட்டுப் பழகுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பாட் கரன்சிக்கு ஒரே மையச் சந்தை கிடையாது. அங்கே காட்டப்படும் வால்யூம் அந்தத் தளத்தில் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கைதான், கைமாறிய டாலர் அல்ல.

லிமிட் ஆர்டரிலும் ஒரு பொறி உண்டு. விலை கோட்டைத் தொட்டதும் திரும்பினால், வரிசையில் முன்னால் நின்றவர்களுக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். விலை கோட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கினால் உங்களுக்கு நிச்சயம் கிடைக்கும். நல்ல வர்த்தகம் கைநழுவி, கெட்ட வர்த்தகம் மட்டும் முழுசாக வந்து சேரும். "தொட்டால் கிடைத்தது" என்று பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் சோதனை) செய்தால் ரிசல்ட் அழகாக வரும், நிஜத்தில் வராது. விலை கோட்டை ஒரு டிக்காவது தாண்டிய பின்பே கிடைத்ததாக எழுதினால்தான் உண்மை தெரியும்.

## முறை 3: நேற்றைய உச்சம், தாழ்வில் பொய் பிரேக்அவுட்

விதி. நேற்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் கோடு போடுங்கள். விலை கோட்டை ஒரு பைசாவாவது தாண்ட வேண்டும். தாண்டியபின் மூன்று கேண்டிலுக்குள், அதாவது 15 நிமிடத்தில், மறுபடி உள்ளே மூட வேண்டும். அந்த மூடும் விலையில் என்ட்ரி. ஸ்டாப்லாஸ் தாண்டிய முனையிலிருந்து அரை பைசா தள்ளி. டார்கெட், ஸ்டாப்லாஸ் தூரத்தின் ஒன்றரை மடங்கு. ஒரு கோட்டில் ஒரு நாளைக்கு ஒரே வர்த்தகம்.

நேற்றைய உச்சம் 88.3500. இன்று 88.3850 வரை போய், 15 நிமிடத்துக்குள் 88.3300-ல் மூடுகிறது. அங்கே விற்கிறோம். ஸ்டாப்லாஸ் 88.3900, டார்கெட் 88.2400. 6 பைசா கொடுத்து 9 பைசா கேட்கிறோம்.

ஏன் இது வேலை செய்ய இடமிருக்கிறது. நேற்றைய உச்சத்துக்கு மேலே இரண்டு வகை ஆர்டர்கள் குவிந்திருக்கும்: விற்றவர்களின் ஸ்டாப்லாஸ், பிரேக்அவுட் பார்ப்பவர்களின் புதிய வாங்கல். இரண்டும் வாங்கும் ஆர்டர்தான். அவை நிறைவேறி முடிந்தபின் மேலே தள்ள ஆளில்லை என்றால் விலை திரும்ப உள்ளே வரும். உயரத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வெளியேற விற்கும்போது நமக்கு வேகம் கிடைக்கிறது. டாலர்-ரூபாயில் இன்னொரு காரணமும் சேர்கிறது. விலை உயரும்போது ஏற்றுமதியாளர்கள் டாலரை விற்க வருவார்கள், சில நாட்களில் பொதுத்துறை வங்கிகள் வழியே ரிசர்வ் வங்கியும் விற்கும்.

எங்கே உடைகிறது. செய்தியோடு வரும் உண்மையான பிரேக்அவுட்டில். காலையிலேயே கோட்டுக்கு வெளியே கேப் விழுந்து, அதாவது விலை தாவி, திறந்தால் அந்தக் கோட்டை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். ஒருமுறை பொய்யாகி உள்ளே வந்து, மறுபடி அதே கோட்டைத் தாண்டினால் இரண்டாவது முறை பெரும்பாலும் நிஜம். ஒரு கோட்டுக்கு ஒரே வர்த்தகம் என்ற வரி அதற்காகத்தான்.

சிக்னல் குறைவு என்பது இதன் பெரிய குறை. வாரத்தில் ஒன்றிரண்டு வரலாம், வராமலும் போகலாம். ஸ்கால்ப்பிங் என்றால் நாளுக்குப் பத்து வர்த்தகம் என்று நினைத்து வந்தவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். கடை வேலையில் இருப்பவருக்கு இதுவே வசதி. காலையில் இரண்டு கோட்டுக்கும் மொபைலில் அலாரம் வைத்துவிட்டால் போதும்.

## மூன்றும் ஒரே பலகையில்

| | பேண்ட் + ஆர்எஸ்ஐ | வீவாப் விலகல் | பொய் பிரேக்அவுட் |
|---|---|---|---|
| டார்கெட் / ஸ்டாப்லாஸ் (பைசா) | 5 / 6 | 4 / 5 | 9 / 6 |
| குருட்டாம்போக்கில் கிடைக்கும் வெற்றி | 55% | 56% | 40% |
| 10 லாட்டில் தேவையான வெற்றி | 66% | 67% | 48% |
| திறன் தர வேண்டிய இடைவெளி | 11 புள்ளி | 11 புள்ளி | 8 புள்ளி |
| 1 லாட்டில் தேவையான வெற்றி | 102% | 111% | 75% |
| திரை முன் நேரம் | நாள் முழுக்க | நாள் முழுக்க | அலாரம் அடிக்கும்போது |
| பேக்டெஸ்ட் ஏமாற்றும் இடம் | நகரும் நடுக்கோடு | லிமிட் நிறைவேற்றம் | செய்தி நாட்கள் |

கடைசியிலிருந்து மூன்றாவது வரியை நிதானமாகப் பாருங்கள். ஒற்றை லாட்டில் முதல் இரண்டு முறைகளுக்கும் நூற்றுக்கு நூறு ஜெயித்தாலும் நட்டம். "சின்னதா ஒரு லாட்டில் பழகிப் பார்க்கிறேன்" என்று பேண்ட் முறையில் இறங்குகிறவர் பழகுவது முறையை அல்ல, புரோக்கருக்குக் கட்டணம் கட்டுவதை. ஒரு லாட்டில் பழகுவதைவிடக் காகிதத்தில் பழகுவது மேல்.

## வெளியே தெரியாத செலவுகள்

ஆவரேஜ் செய்வதுதான் முதலாவது. எதிர்த்து எடுத்த பொசிஷன் நட்டத்தில் இருக்கும்போது இன்னும் பத்து லாட் சேர்க்கத் தோன்றும், பெரும்பாலும் அது காப்பாற்றியும்விடும். காப்பாற்றுவதால்தான் பழக்கமாகிறது. 2015 ஜனவரி 15-ல் சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த எல்லையை முன்னறிவிப்பில்லாமல் கைவிட்டது. அந்தச் சுவரை நம்பி ஒவ்வொரு இறக்கத்திலும் வாங்கியவர்கள் நிமிடங்களில் துடைக்கப்பட்டார்கள். ஸ்டாப்லாஸ் போட்டவர்களுக்கும் அந்த விலை கிடைக்கவில்லை, பெரிய புரோக்கர் நிறுவனங்களே ஆட்டம் கண்டன. ரிசர்வ் வங்கி காக்கும் என்று எண்ணி லாட் சேர்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எந்த விலையைக் காக்கிறது, எதுவரை காக்கும் என்று அது யாருக்கும் சொல்வதில்லை. ஆகவே விதியில் எழுதுங்கள்: சேர்ப்பது கிடையாது, ஒரே என்ட்ரி, ஒரே ஸ்டாப்லாஸ்.

அடுத்தது மார்ஜின் (பொசிஷன் எடுக்கக் கட்டும் முன்பணம்) தரும் மயக்கம். பத்து லாட்டுக்கு மார்ஜின் மொத்த மதிப்பில் சுமார் இரண்டு மூன்று சதவீதம்தான், ஏறக்குறைய ₹22,000 இருந்தாலே உள்ளே போகலாம். ஆனால் ஒரு தோல்வி 7.25 பைசா, பத்து லாட்டுக்கு ₹725. ₹25,000 கணக்கில் அது மூன்று சதவீதம். எழுபது சதவீதம் ஜெயிக்கும் முறையிலும் நூறு வர்த்தகத்தில் தொடர்ந்து மூன்று தோல்வி எங்காவது வந்தே தீரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள், நான்கும் வரலாம். ஒரு தோல்வி மூலதனத்தில் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றால் பத்து லாட்டுக்கு ₹1,45,000 வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தோல்வியோடு நிறுத்தம்.

ஸ்டாப்லாஸ் மனதில் இருந்தால் அது ஸ்டாப்லாஸ் அல்ல. என்ட்ரி நிறைவேறிய உடனே சந்தையில் ஆர்டராக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்டும் கேபிள் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத பகுதிகளில் இருப்பவர்கள், வேறு நிறுவன சிம் ஒன்றும் புரோக்கரின் டிரேடிங் டெஸ்க் எண்ணும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிகர் விலைக்கும் (ஸ்டாப்லாஸ் ஆர்டர் உயிர்பெறும் விலை) லிமிட் விலைக்கும் (அது நிறைவேற அனுமதிக்கும் கடைசி விலை) நடுவே ஒரு பைசாவாவது இடம் விடுங்கள், இல்லையென்றால் வேகமான நகர்வில் ஆர்டர் தாண்டப்பட்டு அப்படியே கிடக்கும்.

வரியில், அங்கீகாரம் பெற்ற சந்தையின் கரன்சி டெரிவேட்டிவ் வருமானம் ஊக வணிகமாக அல்லாமல் தொழில் வருமானமாகவே கருதப்படும். ரிட்டர்னும் அதற்கேற்ற படிவத்தில். ஆடிட்டர் கட்டணத்தையும் செலவில் எழுதுங்கள்.

## யாருக்கு எது

இறக்குமதி செய்பவருக்கு மூன்றாவது முறையை, அதுவும் வாங்கும் பக்கம் மட்டும் பரிந்துரைக்கிறோம். உங்களுக்கு 60 நாளில் 25,000 டாலர் கட்ட வேண்டியிருக்கிறது, 25 லாட் எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். அதை ஐந்தைந்து லாட்டாகப் பிரியுங்கள். நேற்றைய தாழ்வு உடைந்து 15 நிமிடத்தில் உள்ளே திரும்பும்போது ஒரு பங்கு வாங்குங்கள். பத்து வேலை நாளில் சிக்னல் வராவிட்டால் சிக்னலுக்குக் காத்திராமல் அடுத்த பங்கை வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஹெட்ஜ் சூதாட்டமாகிவிடும். இங்கே ஒன்பது பைசா டார்கெட்டும் ஆறு பைசா ஸ்டாப்லாஸும் கிடையாது, பணம் கட்டும் தேதி வரை பொசிஷன் இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை வாங்கி விற்பது ஹெட்ஜ் ஆகாது, உத்தரவின் நோக்கத்துக்கும் அது பொருந்தாது.

இதிலும் மறைசெலவு உண்டு. டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் 25 லாட்டுக்கு ₹25,000 அன்றன்றே கணக்கிலிருந்து போகும். சரக்கு மலிவாகக் கிடைப்பதால் அது ஈடாகும், ஆனால் ஈடாவது பணம் கட்டும் நாளில்தான். அந்த இடைவெளிக்கான கைக்காசு இல்லாதவர் வங்கியில் ஃபார்வர்ட் (இன்றே விலை பேசி, பின்னொரு நாளில் டாலர் வாங்கும் ஒப்பந்தம்) போடுவதே நல்லது. வங்கி தரும் விலை சரியா என்று பார்க்க, 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட எஃப்எக்ஸ்-ரீடெய்ல் என்ற, வாடிக்கையாளர்கள் டாலர் வாங்கி விற்கும் தளத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுங்கள். ஏற்றுமதி செய்பவருக்கு இதே முறை தலைகீழாக, நேற்றைய உச்சத்தில் விற்கும் பக்கம் மட்டும்.

பேண்ட் முறை யாருக்கு என்றால், நாள் முழுக்கத் திரை முன் இருக்கக்கூடியவருக்கும், விதியைக் கணினியில் எழுதிச் சோதிக்கத் தெரிந்தவருக்கும். சோதனைக்கு மூன்றிலும் இதுவே சுலபம், டேட்டாவில் வால்யூம்கூடத் தேவையில்லை. காகிதப் பழக்கத்துக்கு இதில் தொடங்கலாம். வீவாப் முறையை இன்றைய டாலர்-ரூபாய் ஃபியூச்சரில் யாருக்கும் பரிந்துரைக்க முடியவில்லை.

வெளிநாட்டில் வசித்து அந்த நாட்டுச் சட்டப்படி யூரோ-டாலர் செய்யும் உறவினர்களும் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018-ல் முக்கியக் கரன்சி ஜோடிகளுக்கு லிவரேஜை முப்பது மடங்காகக் கட்டுப்படுத்தியது. அப்போது அது காட்டிய காரணம், சில்லறை முதலீட்டாளர்களின் சிஎஃப்டி (விலை வித்தியாசத்தின் மீது மட்டும் செய்யும் ஒப்பந்தம்) கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நட்டத்தில் இருப்பது. இந்த மூன்று முறைகளும் அங்கேயும் இதே கணக்குக்குள்தான் நிற்க வேண்டும், பைசாவுக்குப் பதில் பிப் (அங்கே விலை நகர்வை எண்ணும் சிறிய அலகு) என்று எழுதிக்கொள்ளலாம்.

## காகிதச் சோதனை எப்படி

ஒரு முறையை மட்டும் எடுங்கள். வந்த சிக்னல் ஒவ்வொன்றையும் எழுதுங்கள், எடுத்திருக்க மாட்டேன் என்று தோன்றுவதையும் சேர்த்து. எட்டு பத்திகள் போதும்: தேதி, நேரம், ஏடிஎக்ஸ், என்ட்ரி, ஸ்டாப்லாஸ், டார்கெட், வெளியேறிய விலை, செலவு போக நின்ற பைசா. என்ட்ரியை மூடிய கேண்டிலின் விலையில் எழுதாமல், அடுத்த கேண்டிலில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மோசமான பக்க விலையில் எழுதுங்கள்.

ஐம்பது வரி சேரும்வரை விதியில் ஒரு எண்ணையும் மாற்றக் கூடாது. சேர்ந்ததும் கடைசிப் பத்தியைக் கூட்டுங்கள். பிறகு அதிலிருந்து மிகப் பெரிய மூன்று வெற்றிகளை நீக்கிவிட்டு மறுபடி கூட்டுங்கள். நீக்கியபின்னும் கூட்டல் மேலே நின்றால் இன்னும் ஐம்பது எழுதுங்கள். கீழே போனால், ஸ்டாப்லாஸ் அடித்த வரிகளின் நேரப் பத்தியை முதலில் பாருங்கள். தோல்விகள் 11:30-க்கும் 12:30-க்கும் இடையிலோ 3:30-க்குப் பிறகோ குவிந்திருந்தால் குறை முறையில் இல்லை, வடிகட்டியை நீங்கள் கடைப்பிடிக்கவில்லை. நாள் முழுக்கப் பரவியிருந்தால் அந்த முறையை மூடி வைத்துவிடலாம்.